வைரமும் வெள்ளையும்

குடத்து வாயில் துணியைக் கட்டித் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தாள் குணசுந்தரி. மாமியார் அறையிலிருந்து பீரோக் கதவு படாரென்று சாத்தப்படும் சத்தம் கேட்டது. அன்று மகாவீர் ஜெயந்தி. கோயிலுக்குக் கிளம்பும் முன்னால் வைரத்தோட்டை எடுத்துப் போட்டுக்கொள்வது கனகவதியம்மாளின் வழக்கம். வருஷத்தில் அந்த ஒரு நாளும், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வந்தால் அந்த நாளும் தவிர, அந்தத் தோடு வெளிச்சத்தைப் பார்ப்பதே இல்லை.

"குணா… இங்க வா."

குணசுந்தரி எழுந்தாள். இந்தக் காலை வரும் என்று போன மாதமே அவளுக்குத் தெரியும். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனாள். கட்டிலின் மேல் நகை டப்பா வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"தோடு எங்க?"

அவள் டப்பாவையே பார்த்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். இங்கதான் இருக்குதா, இல்ல பார்சலே போயிடுச்சா?"

"இன்னா பார்சல் அத்தை?"

"தெரியாத மாதிரி கேக்காத. நேத்து பின்னாடி ஷெட்டுல நின்னுகினு போன்ல பேசினியே, நான் பக்கத்துல துணி காயப் போட்டுகினு இருந்தேன். ஜோடியா எடுத்து வெச்சிட்டேன், வெள்ளிக்கிழமை பார்சல்ல அனுப்பிடறேன், எங்க வீட்ல யாருக்கும் அதோட அருமை தெரியாதுன்னு சொன்னியா இல்லியா?"

வேறொரு நாளாக இருந்தால் குணசுந்தரி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். போனில் அவள் பேசியது சென்னையில் பொம்மைக் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணியிடம். பேசியது, அந்தக் கடைக்காகக் குணசுந்தரி செய்யும் மரப் புதிருக்கு எடுத்து வைத்த வாகைக் கட்டையைப் பற்றி. மரத்தின் நடுவில் இறுகிக் கறுத்த பாகத்துக்கு வைரம் என்று பெயர். அதைச் சுற்றி இளசாக வெளுத்திருக்கும் பாகம் வெள்ளை. 'வைரம் மட்டும்தாங்க எடுத்து வெச்சிருக்கேன், வெள்ளைய தள்ளிட்டேன், ஒரே ரேகையில ஜோடியா அமைஞ்சிருக்குது' என்றுதான் அவள் சொன்னாள். மாமியாரின் காதில் வைரம் என்று விழுந்தது, மனசுக்குள் போகும்போது தோடாகிவிட்டது.

சத்தம் கேட்டு ஜினேஷ் வந்தான். குணசுந்தரியின் புருஷன், செய்யாறு ரோட்டில் மரவாடி வைத்திருப்பவன். சட்டையில் ஒரு கை நுழைந்தும் ஒரு கை நுழையாமலும் நின்றான்.

"இன்னாம்மா?"

"உன் பொண்டாட்டி என் தோட்டை எவளுக்கோ விக்கறா. தோட்டை ஜோடியா எடுத்து வெச்சிட்டேன்னு அவ வாயால சொன்னத என் காதால கேட்டேன்டா."

கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று. கனகவதியம்மாள் பொய் சொல்லவில்லை. தான் புரிந்துகொண்டதைத்தான் கேட்டதாக நம்பிச் சொன்னாள். கேட்டதை அப்படியே சொல்லியிருந்தால், பிறந்ததிலிருந்து மரத்தூளில் புரண்ட ஜினேஷுக்கு அந்த நிமிஷமே விளங்கியிருக்கும். குணசுந்தரியும் ஒரே வரியில் விளக்கியிருக்கலாம். ஆனால் அவள் தன் மேல் விழுந்த பழியை உதறினால் அது யார் மேல் போய் விழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"நீ எடுத்தியா குணா?"

"இல்லீங்க."

"அப்ப யாரு எடுத்தாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. அம்மாவ நான் பாத்துக்கறேன்."

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள், அதுவும் அன்றைக்கு அந்த நாளில். அவள் மௌனத்தைப் பார்த்துப் பார்த்து ஜினேஷின் முகம் மாறியது. சட்டையின் மற்றக் கையையும் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

"நல்ல நாளும் அதுவுமா…" என்று கனகவதியம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "எல்லாம் அந்த ஷெட்டால வந்தது. கட்டையத் துண்டு துண்டா அறுத்து, திரும்ப ஒண்ணா சேக்கறதுக்குப் பேரு ஒரு வேலையா? அதுல பழக்கம் ஆனவங்கதான் இதுக்கெல்லாம் வழி சொல்லித் தராங்க. இன்னியோட அதைப் பூட்டு."

"பூட்ட மாட்டேன் அத்தை."

"இன்னா?"

"நீங்க என்னை இன்னா வேணா சொல்லுங்க. கேட்டுக்கறேன். ஷெட்டைப் பூட்ட மாட்டேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். கனகவதியம்மாள் வெறும் காதோடு கோயிலுக்குப் போனாள். வழியெல்லாம் முந்தானையால் காதை மூடிக்கொண்டே போனதைத் தெருவே பார்த்தது.

தோட்டை எடுத்தது சந்தனா. கனகவதியம்மாளின் ஒரே பெண், ஜினேஷின் தங்கை. நாலு வருஷத்துக்கு முன்னால் தேவிகாபுரம் அரசுப் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் அன்பரசுவைத் தானாகவே கல்யாணம் செய்துகொண்டாள். அன்பரசுவின் அப்பா அம்மா கூலி வேலை செய்து மகனைப் படிக்க வைத்தவர்கள். சந்தனா வீட்டாரின் சாதியும் இல்லை, சமண சமயமும் இல்லை. கனகவதியம்மாள் வாசல் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வைத்தவள் குணசுந்தரிதான். மாமியார் கால் அமுக்கும்போது ஒரு பேச்சு, பூ தொடுக்கும்போது ஒரு பேச்சு என்று பேசிப் பேசிக் கரைத்தாள். முதலில் சந்தனா மட்டும் வந்து போக அனுமதி கிடைத்தது. அன்பரசு அவளைத் தெருமுனையில் இறக்கிவிட்டு டீக்கடையில் காத்திருப்பான். போன மாதம்தான் கனகவதியம்மாள், "அடுத்த தடவை வரும்போது அவரையும் கூட்டிகினு வா" என்று சொல்லியிருந்தாள். அதைக் கேட்டு சந்தனா அண்ணியைக் கட்டிக்கொண்டு குதித்த குதியில் ஒரு டம்ளர் உடைந்தது.

அன்றைக்கேதான் அந்தப் பைத்தியக்காரத்தனமும் நடந்தது. அன்பரசுவின் தங்கைக்குச் சந்தவாசலில் கல்யாணம். அம்மாவின் தோட்டைப் போட்டுக்கொண்டு போய் ரெண்டு நாளில் வைத்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துப் போனாள். கல்யாணக் கூட்டத்தில் ஒரு திருகாணி கழன்றது. ஒற்றைத் தோடுதான் மிஞ்சியது.

"அண்ணி, அம்மாக்குத் தெரிஞ்சா என்னைத் திட்டட்டும், அடிக்கட்டும். ஆனா என்னைச் சொல்ல மாட்டாங்க அண்ணி. அவரைத்தான் சொல்லுவாங்க. அவருக்கு இது தெரியவே தெரியாது…" என்று போனில் அவள் தேம்பியபோது, குணசுந்தரியால் மறுத்துப் பேச முடியவில்லை. அதுதான் நடக்கும். வீட்டுப் பெண் எடுத்தாள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் எடுக்கச் சொன்னான் என்பார்கள். அப்புறம் இந்த ஜென்மத்தில் அன்பரசு இந்த வாசற்படி ஏற முடியாது. "தேடிப் பாரு, நான் இருக்கேன்" என்று சொல்லி வைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் குணசுந்தரிக்கு நடந்ததை என்னவென்று சொல்வது. அவள் ஊற்றிய காப்பியை மாமியார் தொடவில்லை. பூஜை அறைக் கதவு புதிதாகப் பூட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரை கேட்டு வந்தால், "எங்க வீட்ல இப்பல்லாம் எதுவும் வெச்ச இடத்துல இருக்கறதில்லம்மா" என்று பதில் போனது. ஜினேஷ் முகம் கொடுத்துப் பேசவில்லை. படுக்கையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தான். எடுத்தாயா என்று கேட்டவனுக்கு, போனில் நீ என்னதான் பேசினாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை.

சமையலை முடித்தால் நேரே ஷெட்டுக்குப் போனாள். தன் மகளுக்காக விளையாட்டாகச் செய்யப் போய், மகள் படிப்புக்கு ஹாஸ்டல் போன பிறகும் விடாமல் பிடித்துக்கொண்ட வேலை அது. பலகையில் படம் வரைந்து, மெல்லிய ரம்பம் பூட்டிய மிஷினில் வளைத்து வளைத்து அறுத்துத் துண்டாக்கி, பிள்ளைகள் கோத்து விளையாடும் மரப் புதிர்கள் செய்தாள். வர்ணம் பூசுவதில்லை. எதற்குப் பூச வேண்டும்? மரவாடியில் மிஞ்சும் துண்டுகளிலேயே எல்லா நிறமும் இருந்தது. பலா மஞ்சள், வேம்பு சிவப்பு, பூவரசு நல்ல காப்பிக் கொட்டை நிறம், வெட்பாலை வெள்ளை வெளேரென்று. தேனீ சாகும் என்று தேன் படாத வீடு, அதனால் தேன்மெழுகும் கிடையாது; தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தால் ரேகை தானாக எழுந்து வரும். வெள்ளைப் பாகத்தை அவள் சேர்க்காததற்கும் காரணம் உண்டு. அதில்தான் பூச்சி விழும். விழுந்த பூச்சிக்கு மருந்தடித்துக் கொல்ல அவளுக்கு மனசு வராது.

இப்போது செய்துகொண்டிருந்தது குட்டையில் படுத்திருக்கும் ரெண்டு எருமை, அவற்றின் முதுகில் கொக்கு. கொக்குக்கு வெட்பாலை. தண்ணீருக்கு மாம்பலகை, அதன் ரேகையே அலை. எருமைக்குத்தான் அந்த வாகை வைரம். ஒரே கட்டையை நடுவில் பிளந்ததால் ரெண்டு பலகையிலும் ஒரே ரேகை ஓடியது. ரெண்டு எருமையும் கூடப் பிறந்தவை மாதிரி அமைந்தன. வாகைத் தூள் மூக்கில் ஏறித் தும்மல் தும்மலாக வந்தது. உப்புத்தாளால் ஓரம் தேய்த்து, துண்டை அதன் இடத்தில் வைத்து அமுக்கினால் 'டொக்' என்று உட்கார்ந்துகொள்ளும். அந்தச் சத்தம் கேட்கும்போது அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் நெஞ்சு லேசாயிற்று. வெள்ளிக்கிழமை பார்சலைக் கட்டி, தெருவே பார்க்கத் தானே தூக்கிக்கொண்டு போய் அனுப்பிவிட்டு வந்தாள். அடுத்த செட்டுக்கு அன்றைக்கே பலகை எடுத்து வைத்தாள்.

அந்தத் துணிச்சல்தான் கனகவதியம்மாளைச் சுட்டது. வெம்பாக்கத்தில் விவசாயம் பார்க்கும் குணசுந்தரியின் அண்ணன் ரிஷபுக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வந்து கூடத்தில் உட்கார்ந்தார். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை.

"உன் தங்கச்சிய கூட்டிகினு போ தம்பி. கொஞ்ச நாள் உங்க வீட்ல இருக்கட்டும். தோடு திரும்பி வந்தா அவளும் திரும்பி வரட்டும்."

ரிஷப் குணசுந்தரியைப் பார்த்தார். "நீ எடுத்தியாம்மா?"

"இல்லண்ணா."

"அது போதும் எனக்கு." மாமியார் பக்கம் திரும்பினார். "அத்தை, எங்க வீட்டுப் பொண்ண திருடின்னு சொல்றீங்க. போன்ல அவ இன்னா பேசினான்னு நீங்க கேட்டீங்களோ, அதை ஒரு வார்த்தை கூட்டாம, ஒரு வார்த்தை குறைக்காம எனக்குச் சொல்லுங்க. அப்புறம் கூட்டிகினு போறேன்."

"அண்ணா, வேணாம். கிளம்பலாம், வா" என்றாள் குணசுந்தரி அவசரமாக.

"ஏன் வேணாம்? சொல்றேன்" என்று கனகவதியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "'வைரம் மட்டும்தாங்க எடுத்து வெச்சிருக்கேன், வெள்ளைய தள்ளிட்டேன், ஒரே ரேகையில ஜோடியா அமைஞ்சிருக்குது.' இதான் அவ சொன்னது. போதுமா?"

சுவரில் சாய்ந்திருந்த ஜினேஷ் தலையைத் தூக்கினான்.

"இன்னாம்மா சொன்ன? இன்னொரு தடவை சொல்லு."

"வைரத்தை எடுத்து வெச்சிட்டேன், வெள்ளைய தள்ளிட்டேன்னு…"

"தோட்டுல எங்கம்மா வெள்ளை?"

பதிலுக்கு நிற்காமல் ஷெட்டுக்கு ஓடினான். அடுத்த செட்டுக்கு எடுத்து வைத்திருந்த ரெண்டு வாகைப் பலகையோடு திரும்பி வந்து அம்மாவின் மடியில் வைத்தான். "இதாம்மா வைரம். இது வாகையோட வைரம். நம்ம வாடியில வெள்ளைக்கட்டை, வைரக்கட்டைன்னு தினம் நூறு தடவை கத்தறோமே… நீ தோடுன்னு சொன்ன. நானும் தோடுன்னு நம்பிட்டேன்."

கனகவதியம்மாள் பலகையைத் தொட்டாள். விரல் அந்த ரேகை மேலேயே நின்றது. ரிஷப் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா குணா?" என்றான் ஜினேஷ்.

"அப்பவே கேக்கறதுக்கு உங்களுக்கு இன்னாங்க? மரத்துக்காரர்தானே நீங்க? எடுத்தியா, தெரியுமான்னு கேட்டீங்க. இன்னா பேசினன்னு கேக்கலியே."

அவன் தலை குனிந்தான். குணசுந்தரிக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. அவள் கண் மாமியாரின் முகத்தை விட்டு அகலவில்லை. அவள் பயந்த கேள்வி அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது.

"அப்ப என் தோடு எங்க?" கனகவதியம்மாள் மெதுவாகச் சொன்னாள். "சாவி வெக்கிற இடம் எனக்கும் உனக்கும் தெரியும்… சந்தனாவுக்குத் தெரியும். போன மாசம் வந்தப்ப தலைவலின்னு என் ரூம்லதான் படுத்திருந்தா." நெற்றி சுருங்கியது. "அவளுக்கு ஏது இந்த புத்தி. இது அவ செஞ்சதில்ல. இது அந்த…"

"அத்தை."

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குணசுந்தரி அப்படி ஒரு குரலில் பேசியதில்லை. கனகவதியம்மாள் வாயைத் திறந்தபடியே நிறுத்தினாள்.

"அந்த வார்த்தைய மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. அது உங்க வாயிலருந்து வரக்கூடாதுன்னுதான் நான் இத்தனை நாள் திருடிப் பட்டம் சுமந்துகினு இருந்தேன். என்னைச் சொல்லுங்க, நான் தாங்கிப்பேன், உங்க கூடவே இருக்கறவ. அவரைச் சொன்னீங்கன்னா, அது அவரோட நிக்காது. அவரைப் பெத்தவங்க, அவங்க தெரு, எல்லாத்தையும் சேத்து சொன்ன மாதிரி ஆயிடும். அப்புறம் உங்க பொண்ணு உங்களுக்கு இல்ல."

வாசலில் விசும்பல் கேட்டது. சந்தனா நின்றிருந்தாள். அண்ணியை அனுப்பப் போகிறார்கள் என்று காலையில் ஜினேஷ் போனில் சொல்லியிருந்தான். கேட்டதும் புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கிறாள். பின்னால் படிக்குக் கீழே, செருப்பைக் கழற்றிவிட்டு அன்பரசு நின்றான்.

சந்தனா உள்ளே வந்து ஒற்றைத் தோட்டை அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"நான்தாம்மா எடுத்தேன். ஒண்ணு தொலைஞ்சிடுச்சு. அண்ணி மேல பழி விழுந்தது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். சத்தியமா தெரிஞ்சிருந்தா…"

"என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாம்மா?"

 "மாட்டேன்" என்றாள் கனகவதியம்மாள்.

"அவங்க வீட்டுக் கல்யாணம். என் பக்கத்துலருந்து ஒரு ஆள் கிடையாது. உங்கம்மா வரலியான்னு ஒவ்வொருத்தரா கேப்பாங்க. எங்கம்மா வரல, ஆனா போட்டுக்கன்னு இதைக் குடுத்தனுப்பினாங்கன்னு சொல்லிக்கலாம்னு இருந்துச்சும்மா. சொன்னேன். எல்லாரும் நம்பினாங்க. அவரோட அம்மா தோட்டைத் தொட்டுப் பாத்து, உங்கம்மாவுக்கு நல்ல மனசுன்னாங்க."

 காலடியில் கிடந்த தோட்டைக் கனகவதியம்மாள் எடுக்கவில்லை. அழுகிற மகளின் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மடியிலிருந்த வாகைப் பலகைகள் ரெண்டும் சரிந்து தரையில் விழுந்தன.

வெளியிலிருந்து அன்பரசு பேசினான். "எனக்குக் காலைலதான் தெரியும்மா. சந்தவாசல்ல மண்டபத்துக்காரர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். கிடைக்கலன்னா கோவிச்சுக்காதீங்க. அண்ணிய அனுப்பாதீங்க, அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

தெருவில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கனகவதியம்மாள் மகளை விலக்கிவிட்டு எழுந்தாள். குணசுந்தரியின் அண்ணன் உட்கார்ந்திருக்க, புருஷன் நின்றிருக்க, எல்லார் முன்னாலும் மருமகளிடம் வந்தாள்.

"நாலு பேர் கேக்க உன்னத் திருடின்னு சொன்னேன். நாலு பேர் கேக்கவே சொல்றேன், தப்பு என்னுது. என்னைப் பொறுத்துக்க." ரிஷப் பக்கம் திரும்பினாள். "தம்பி, அவளைப் போகச் சொல்ற வாய் எனக்கு இல்ல. இருக்கறதும் போறதும் அவ இஷ்டம்."

"நான் எங்கயும் போகல அத்தை. ஆனா ஒண்ணு. எதுவா இருந்தாலும் இனிமே என் மூஞ்சியப் பாத்து என்னைக் கேளுங்க" என்றாள் குணசுந்தரி.

கனகவதியம்மாள் தலையாட்டினாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் வெளியிலேயே நின்றிருந்தவனைப் பார்த்தாள். 

"ஏன் அங்கயே நின்னுகினு இருக்கீங்க? உள்ள வாங்க. பொழுது போயிடுச்சுன்னா எங்க வீட்ல யாரும் சாப்பாட்டைத் தொட மாட்டோம். ஜல்தியா கை கால் கழுவிகினு உக்காருங்க."

அன்பரசு வலது காலை எடுத்துப் படியில் வைத்தான். ஜினேஷ் போய் அவன் கையைப் பிடித்து அழைத்துவந்து ரிஷபின் பக்கத்தில் உட்கார வைத்தான். சந்தனா ஓடிப்போய் வாழையிலை நறுக்கி வந்தாள். இலை போட்டு, வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் வைத்தாயிற்று. குணசுந்தரி சாதத் தவலையோடு சமையலறையிலிருந்து வந்தபோது, கனகவதியம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல், தினம் சொல்கிற பேச்சைப் போலவே சொன்னாள்.

"குணா, மாப்பிள்ளைக்கு முதல்ல வை."

குணசுந்தரி மாமியாரையே பார்த்தபடி நின்றுவிட்டாள். தவலை சரிவதற்குள் கனகவதியம்மாள் அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மருமகளைத் தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். இத்தனை நாள் அடக்கியதெல்லாம் குணசுந்தரிக்கு அந்தத் தோளில் உடைந்தது. குழந்தை மாதிரி விக்கி விக்கி அழுதாள்.

"அழுவாதடி. இலை முன்னாடி ஆளுங்கள உக்கார வெச்சிட்டு அழுவக்கூடாது" என்று அழுதுகொண்டே சொன்னாள் கனகவதியம்மாள்.

குணசுந்தரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை எடுத்து, அன்பரசுவின் இலையில் முதல் பிடி சாதத்தை வைத்தாள்.